கீசர் அணைகிற சத்தம்

பதினெட்டு நிமிஷம் ஆனால் டிக்கென்று ஒரு சத்தம் வரும். மார்கழிக் குளிரில் பத்தொன்பது. இன்றைக்கு இருபத்திரண்டு ஆகிவிட்டது, இன்னும் வரவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே சுவரில் தோளைச் சாய்த்து நிற்கிறேன். கையில் காபி டம்ளர், காபியில் ஆடை படிந்துவிட்டது, குடிக்கத் தோன்றவில்லை. கீசரின் ஸ்விட்ச் என் தலைக்கு நேரே சிவப்பாக எரிகிறது. உள்ளே இவர் இருக்கிறார். இசக்கியப்பன், என் வீட்டுக்காரர், அறுபத்தாறு வயசு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருப்பார். பக்கவாதம் வந்து மூன்று வருஷம், வலது கையும் வலது காலும் பாதிதான் அவர் சொன்னபடி கேட்கின்றன. நான் கழற்றிவிட்டால் அரை நிமிஷத்தில் முடிகிற வேலை. அதைச் சொல்லிப் பார்த்து ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்: கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது, அது நான் சொன்னது. நான் உள்ளே வரக் கூடாது, அது அவர் சொன்னது. அன்றிலிருந்து அவர் உள்ளே, நான் வெளியே. நான் அடுப்படியில் இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இருபத்து மூன்று. உஸ்ஸென்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நடுநடுவே சட்டியில் கடுகு வெடிக்கிறமாதிரி படபட, அப்புறம் உள்ளுக்குள்ளேயே யாரோ ஒரு சரளைக்கல்லை உருட்டுகிறமாதிரி. போன வருஷம் இந்தக் கல் கிடையாது. இருந்ததா? இருந்திருந்தால் கேட்டிருப்பேன். சத்தத்தைக் கேட்காமல் விடுகிற காது இல்லை என்னுடையது. முப்பத்தோரு வருஷம் டெலிபோன் ஆபீசில் இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். கேபிளில் தண்ணீர் இறங்கியிருந்தால் இப்படித்தான் எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்கும், இணைப்பு துருப்பிடித்திருந்தால் கரகரவென்று வேறுமாதிரி. லைன்மேன் மனோகரன் கம்பத்தில் ஏறிப் பார்க்கும் முன்னாலேயே நான் சொல்லிவிடுவேன். எப்படிக்கா தெரியுது என்பார். எப்படித் தெரியும் என்று எனக்கே தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் அர்த்தம் ஆகிவிடும், அவ்வளவுதான். இந்த டேங்கின் பேச்சு மட்டும் பத்து நாளாகியும் பாதிதான் அர்த்தமாகியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் இதைக் கவனிக்கவே இல்லை என்றும் சொல்லமுடியாது, கவனித்துக் கவனிக்காமல் இருந்தேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை இவர் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார், நான் காலைத் துவட்டினேன், அதற்கு மட்டும் அனுமதி உண்டு. வலது பாதத்தின் மேல்புறம் சிவந்து, கட்டைவிரலுக்குப் பின்னால் ஒரு கொப்புளம், நீர் கோத்து, திராட்சை அளவுக்கு. என்னங்க இது என்றேன். குனிந்து பார்த்தார். யாருடைய காலையோ பார்க்கிறமாதிரி பார்த்தார். செருப்பு வார் கடிச்சிருக்கும் என்றார். செருப்பு வார் இப்படிக் கடிக்காது, அது அவருக்கும் தெரியும். அந்தக் காலுக்குச் சூடு தெரியாது. டாக்டர் முதல் நாளே சொன்னார், தண்ணீரை இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று. தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறார், மறக்கிற ஆள் இல்லை. ஆனால் வாளியில் கலப்பதற்காகச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கும்போது தெறித்தால்? பன்னிரண்டு வருஷமாகக் குழாயை எவ்வளவு திருப்பினால் எவ்வளவு சூடு என்று கைக்குப் பழகிவிட்டது, அந்தப் பழக்கத்தில் திருப்பியிருப்பார். கை பழையபடியே திருப்பியது, தண்ணீர் பழையபடி இல்லை. அப்படியென்றால் மாறியது கீசர். எனக்கு அதில் ஒரு பயம் வந்தது உண்மை, ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஓர் ஆவல் வந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. புருஷன் கால் கொப்பளித்திருக்கிறது, இவளுக்கு அந்த வெள்ளை உருளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவேண்டுமாம். பன்னிரண்டு வருஷமாகத் தலைக்கு மேல் தொங்குகிற பொருள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. மகள் கோமதியிடம் போனில் சொன்னேன், பன்னெண்டு வருஷமா, மாத்திருங்கம்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு என்று முடித்துவிட்டாள். அவளுக்கு எல்லாமே அப்படி. வயசு ஆகிவிட்டது என்பது ஒரு காரணமா? எதிர்வீட்டில் பதினெட்டு வருஷமாக ஓடுகிறது, மூன்று தெரு தள்ளி நாலே வருஷத்தில் ஓட்டை விழுந்தது. இந்த ஓசூரில் போர் தண்ணீர், குடத்தில் ஒரு வாரம் வைத்தால் அடியில் சுண்ணாம்பு படிகிற தண்ணீர். வயசு இல்லை, வேறு ஏதோ. அந்த வேறு ஏதோ என்னவென்று பார்க்கவேண்டும்.

எலக்ட்ரீஷியன் பஷீருக்குப் போன் போட்டேன். இந்தத் தெருவில் எல்லா வீட்டு வயரும் அவருக்கு அத்துப்படி. அக்கா, காயில் போனா மாத்தலாம், தெர்மோஸ்டாட் போனா மாத்தலாம், வால்வு சொட்டினா வால்வ மாத்தலாம், டேங்க் வேர்த்துச்சுன்னா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, கழட்டிற வேண்டியதுதான் என்றார். வேர்ப்பதா? ஆமாக்கா, டேங்க் உடம்புல ஈரம் கசியும், அதைத்தான் சொல்றேன், அது வந்தா ஒட்டல்லாம் கூடாது. இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கே இவர் தூங்கும் மதிய நேரத்தில் வெள்ளைப் பீங்கான் கிண்ணம் இரண்டை எடுத்துக்கொண்டு போய் ஒன்றில் பச்சைத்தண்ணீர் பிடித்தேன், ஒன்றில் கீசர் தண்ணீர். பச்சைத்தண்ணீர் தெளிவு. கீசர் தண்ணீரில் தேயிலைத் தூள் மாதிரி அடியில் ஏதோ இறங்கியது. மறுநாளும் பிடித்தேன், அதற்கு மறுநாளும். வீட்டுக் குழாய் துருப்பிடித்திருந்தால் இரண்டு கிண்ணத்திலும் வரவேண்டும், ஒன்றில் மட்டும் வந்தால் துரு டேங்குக்குள். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம், பழைய நாளில் மனோகரன் கம்பத்திலிருந்து இறங்கி நீங்க சொன்னது சரிக்கா என்று சொன்னபோது வந்த சந்தோஷம். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டேன், இவரிடம் சொல்லவில்லை. தேதி கிழிக்கிற காலண்டரின் பின்பக்கத்தில் நிமிஷங்களை எழுதிவந்தேன். பதினெட்டு, பத்தொன்பது, பத்தொன்பது, இருபத்தொன்று. சூடு ஏறத் தாமதமானால் அடியில் சுண்ணாம்பு படிந்து, சூடாக்குகிற காயிலை மூடியிருக்கலாம், அதுதான் கல் உருள்கிற சத்தம். அது சரி. ஆனால் தாமதமாகச் சூடாகிற தண்ணீர் எப்படிக் காலைக் கொப்பளிக்க வைக்கும்? இங்கேதான் எனக்குச் சிக்குகிறது. தினமும் இந்த இடத்துக்கு வந்து சிக்குகிறது. சூடாக நேரமாகிறது, ஆனால் சூடு அதிகமாகிறது. அதாவது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. போதும் என்று சொல்ல வேண்டிய பாகம், பஷீர் சொன்ன அந்தத் தெர்மோஸ்டாட், வாயை மூடிக்கொண்டிருக்கிறது. இருபத்தாறு நிமிஷம். இன்றைக்கு அது சொல்லவே போவதில்லையோ.

காலையில் இவர் வெளியே வாஷ்பேசினில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கீசர் போடும் முன்னால், ஸ்டூலைப் போட்டு ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். பஞ்சாயத்துக்குப் போகிறவளைப்போலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன், அறுபது வயசுக்கு ஸ்டூல் கொஞ்சம் உயரம்தான். மேலே தூசி, ஒரு பல்லி முட்டை. வால்வு காய்ந்திருந்தது. வால்வு சொட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அடிப்பக்கம், இரண்டு தகடு சேர்கிற ஓரத்தில், நாலு விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு இறங்கி, அதன் நுனியில் ஒரு சொட்டு. விழாத சொட்டு. செய்தித்தாள் துண்டை வைத்து ஒற்றினேன். ஒற்றின இடத்தில் மறுபடி மெள்ள மெள்ள ஊறி வந்தது. பஷீர் சொன்ன வேர்வை இதுதான். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியாது. பயங்கரமாக இல்லை அது. ரொம்பப் பொறுமையாக இருந்தது. இறங்கி ஸ்டூலை நகர்த்துவதற்குள் இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காலை இழுத்து இழுத்து வந்தார், வழக்கம்போல இடது கையை உயர்த்தி ஸ்விட்சைப் போட்டார், உள்ளே போனார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். போடாதீங்க என்று ஒரு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. ஏன் சொல்லவில்லை? பஷீர் ஒன்பது மணிக்கு வருகிறார், இன்று ஒருநாள்தானே என்று நினைத்தேனா? இவர் முகம் வாடிவிடும் என்றா? இரண்டும்தான். ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பத்து நிமிஷமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன், நேராகப் பார்க்கப் பிடிக்கவில்லை. இன்றைக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். காலண்டரில் கடைசியாக ஓர் எண். அதற்காக உள்ளே ஒரு மனுஷரை உட்காரவைத்துவிட்டு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சீ. ஆனாலும் காது அங்கேயேதான் இருக்கிறது. இருபத்தெட்டு.

கேட்க வேண்டிய ஆள் உண்மையில் உள்ளேதான் இருக்கிறார், அதுதான் இதில் வேடிக்கை. துணிக்குச் சாயம் ஏற்றுகிற கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் பாய்லர் ஓட்டியவர். வெந்நீரும் ஆவியும் அவருடைய சொந்த ஊர் மாதிரி. கோமதி நாலாவது படிக்கும்போது ஒருநாள் காலை பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து நின்றார், அந்த நேரத்தில் வருகிறவரே இல்லை. எனக்கு அன்று மத்தியான ஷிப்ட், புறப்பட்டுக்கொண்டிருந்தேன். என்னங்க என்றால், நெருப்ப அமத்திட்டு வந்துட்டேன், தண்ணி சத்தம் சரியில்ல என்றார். மேனேஜர் வீட்டுவாசலுக்கே வந்து கத்தினார், ஏற்றுமதிச் சரக்கு நிற்கிறது, அழுத்தம் காட்டுகிற முள் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, சத்தமாம் சத்தம் என்று. முள்ளு சரியாத்தான் இருக்கு சார், சத்தம் சரியில்ல, நீங்க வேணா கொளுத்துங்க, நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தச் சோற்றை அவர் தின்றாரா என்று நினைவில்லை, பிசைந்துகொண்டே இருந்தது நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் ஆட்கள் வந்து பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு குழாய் பப்படம் போல மெலிந்து கிடந்ததாம். அதற்காக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், அதைப் பார்த்துத்தான் பத்து நாளாக நிமிஷம் எண்ணுகிறேன். அந்த மனுஷருக்கு இந்தச் சத்தம் கேட்கவில்லையா? பக்கவாதம் காதையும் தொட்டுவிட்டதா? டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நேற்றுக்கூட அடுத்த அறையில் நான் டப்பாவைத் திறந்த சத்தத்தை வைத்து முறுக்கு கேட்டார். அப்படியென்றால் கேட்கிறது. கேட்டுக்கொண்டு அதன் அடியிலேயே போய்த் தினமும் உட்காருகிறார். இதற்கு என்ன அர்த்தம்? டேங்கைப்பற்றி எனக்கு இருந்த ஆவல் எல்லாம் சட்டென்று இடம் மாறி இவர்மேல் போய் நிற்கிறது. முப்பத்தேழு வருஷமாகத் தலைக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற ஆள், உள்ளே என்ன ஓடுகிறது என்று எந்தக் கிண்ணத்தைப் பிடித்துப் பார்ப்பது? முப்பது நிமிஷம். உஸ்ஸென்ற சத்தம் மாறுகிறது. மேலே ஏறிக் குறுகி, விசிலுக்கு முன்னால் குக்கர் மூச்சை இழுக்கிறமாதிரி. முப்பத்தொன்று. என் கை தன்னால் மேலே போய் ஸ்விட்சை அணைத்தது.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

“ஏட்டி வடிவு, கரண்டு போயிட்டா?”

“போவல. நாந்தான் அமத்தினேன்.”

“ஏன்?”

“டிக்கின்னு சத்தம் வரல. முப்பத்தோரு நிமிஷம் ஆயிட்டு.”

“நேரமா பாக்க?” என்றார்.

“பத்து நாளா பாக்கேன். அடியில வேர்த்தும் இருக்கு. காலைல டார்ச் அடிச்சுப் பாத்தேன். சிவப்பா இறங்கியிருக்கு.”

“வால்வுக்கு இடது பக்கமா, வலது பக்கமா?”

“இடது பக்கம்.”

“ம். அது தீவாளிக்கு முந்தியே உண்டு.”

டம்ளரைத் தரையில் வைத்தேன். தீபாவளிக்கு முந்தியே என்றால் இரண்டு மாசத்துக்கு மேல். நான் கிண்ணம் பிடித்ததும் காலண்டரில் எழுதியதும் ஸ்டூலில் ஏறியதும் எல்லாம், இவருக்கு எப்போதோ தெரிந்த ஒன்றை எட்டிப்பிடிக்கத்தான். கோபம் வரவேண்டும், வந்தது, ஆனால் கோபத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டு கேள்விதான் வெளியே வந்தது.

“தெரிஞ்சே உள்ள போய் உக்காந்தீங்களா?”

“அதுக்குள்ள ஒரு கம்பி உண்டு வடிவு. தண்ணி டேங்க அரிக்காம, அந்தக் கம்பிய அரிக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க அத மாத்தணும். நாலு தடவ நாந்தான் மாத்தினேன், நீ டூட்டிக்குப் போயிருப்ப. அஞ்சாவதுக்குள்ள கை இப்படி ஆயிட்டு. கம்பி கரைஞ்சு முடிஞ்சா அடுத்தது டேங்குதான்.”

“பஷீர்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லிருக்கலாம்.”

“ஏன் சொல்லல?”

கதவின் அடி இடுக்கில் அவருடைய பாதங்களின் நிழல் தெரிந்தது, எழுந்து நிற்கிறார். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அவ்வளவு அருகில் நிற்கிறார்.

“இது போச்சுன்னு சொன்னா, புதுசு வந்து மாட்டுறவரைக்கும் நீ அடுப்புல காய்ச்சிக் கொண்டாருவ. கொண்டாந்தா நீயே ஊத்துவ. ஒருநாள் ஊத்திட்டா அப்புறம் நிறுத்த மாட்ட.”

அது உண்மைதான். நிறுத்தியிருக்க மாட்டேன்.

“கம்பெனில சத்தம் சரியில்லன்னு நெருப்ப அமத்திட்டு வந்த ஆளு நீங்க,” என்றேன்.

“அங்க பக்கத்துல பதினோரு பேரு நின்னாங்க. இங்க நான் ஒருத்தன்தான?”

“கதவுக்கு வெளிய யாரு நிக்கா?”

“நீ அடுப்படிலலா இருப்ப.”

“இல்ல. இங்கதான் நிக்கேன்.”

“இன்னைக்கா?”

“மூணு வருஷமா.”

தூரத்தில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் அந்தப் பக்கம் என்ன முகத்தோடு நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள எதையும் கொடுத்திருப்பேன். கதவு திறந்தது. பனியனும் துண்டுமாக நின்றார், தலைமயிர் கலைந்து, சட்டை இடது கையில் தொங்கியது. என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே டம்ளரைப் பார்த்தார், என் கால்களைப் பார்த்தார், சுவரில் எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்திருந்த தோள் அடையாளத்தைப் பார்த்தார். அப்படி ஓர் அடையாளம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

“சுடுதண்ணிக் குழாயத் திறக்காத. ஆறட்டும்,” என்றார். “பஷீர் வந்தா முதல்ல பச்சத்தண்ணி வால்வ அடைக்கச் சொல்லு. அப்புறம் கழட்டட்டும். புதுசுல அந்தக் கம்பி இருக்கான்னு கேட்டு வாங்கணும், நானே பேசுதேன்.” பிறகு, இன்னும் டம்ளரைப் பார்த்தபடியே, “குளிருது. தண்ணி காய்ச்சு,” என்றார்.

பெரிய குண்டானை அடுப்பில் வைத்தேன். கொதிக்கவிடவில்லை, ஆவி பறக்க ஆரம்பித்ததும் இறக்கி வாளியில் விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் தயங்கி நின்றேன். அவர் உள்ளே இருக்கும்போது மூன்று வருஷமாகத் தாண்டாத படி. அதற்குள் அவர் நாற்காலியை ஒரு கையால் தள்ளித் தள்ளி எதிர்ச்சுவர் ஓரமாகக் கொண்டுபோயிருந்தார். “இந்தப் பக்கமா வா. அதுக்கு அடில நிக்காத,” என்றார். நின்றேன். முதல் செம்பு இடது தோளில். ஹா என்றார், கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது முதுகில். எலும்பு தெரிந்தது, எப்போது இப்படி மெலிந்தார். மூன்றாவதை வலது காலில், கொப்புளம் ஆறிக் கறுத்த தோலுக்கு மேல், ரொம்ப மெதுவாக ஊற்றினேன்.

“ஊத்திட்டியா?” என்றார், கண்ணைத் திறக்காமலே.

“ஊத்திட்டேன்.”

“சூடு எப்படி இருக்கு?”

“இதமா இருக்கு.”

“சரி.”

மூன்று வருஷமாக டாக்டரிடம் கேட்டிருக்கிறேன், கோமதியிடம் புலம்பியிருக்கிறேன், மாத்திரைச் சீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்திருக்கிறேன். இதை இவரிடம் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செம்பைக் கையில் பிடித்தபடி கேட்டேன்.

“உங்களுக்கு எப்படி இருக்கு அது?”

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நெற்றியில் மடிப்பு விழ, இதுவரை யாரும் கேட்காத கேள்விக்குச் சரியான பதிலைத் தேடுகிறமாதிரி.

“பக்கத்து வீட்டுல யாரோ குளிக்க மாதிரி இருக்கு,” என்றார்.

பிறகு வலது காலை ஓரங்குலம் என் பக்கமாக நகர்த்தி வைத்து, “இன்னொரு செம்பு ஊத்து,” என்றார்.